ராடும் ரீலும் வாங்கப் போய் கைவலியை வாங்கி வராதீர்கள்

மழை பெய்து கண்மாய் நிறைந்த ஒரு மாதம், வாரத்துக்கு மூன்று காலை ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் (தூண்டில் நரம்பைச் சுற்றும் உருளை) எடுத்துக்கொண்டு விரால் பிடிக்கப் போனேன். மாதக் கடைசியில் தண்ணீர்ச் சொம்பைத் தூக்க முடியவில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் சுள்ளென்று இழுத்தது. டாக்டர் அமுக்கிப் பார்த்துவிட்டு ‘டென்னிஸ் எல்போ’ என்றார். மட்டையைத் தொட்டதே இல்லை என்றேன். “அப்ப வேற என்னத்தப் பிடிச்சு வீசுறீங்க?” என்றார்.

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பில்தான் வந்து சேர்கின்றன. ஒன்றை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் அந்த இடம் நோகும். நரம்பு முனையில் இரைபோல ரப்பர் தவளையைக் கட்டி வீசி விரால் பிடிக்கிறவன் செய்வது அதைத்தான். ஒரு காலையில் இருநூறு வீச்சு என்று வைத்தால்கூட, ஒவ்வொரு வீச்சுக்கும் ராடைச் சுண்டிச் சுண்டிப் பத்திருபது வெட்டு வெட்டித்தான் தவளையை ஆகாயத்தாமரைக்கு மேலே துள்ளவிட வேண்டும். ராடு தப்பாக இருந்தால் இத்தனை ஆயிரம் அசைவும் முழங்கையில்தான் வந்து விழும்.

நாம் இதற்கு வாங்குவது பெரும்பாலும் ‘பாஸ்’ ராடுதான். பாஸ் அமெரிக்க நன்னீர் மீன். நம் கண்மாய்களில் அது கிடையாது. ஆனால் பாசியிலும் புல்லிலும் ஒளிந்திருந்து பாய்ந்து கவ்வும் குணம் விராலுக்கும் உண்டு. அதனால் அந்த ராடும் அந்த ரப்பர் தவளையும் இங்கே நன்றாகவே வேலை செய்கின்றன. சிக்கல் நாம் தேர்ந்தெடுக்கும் விதத்தில்தான்.

முதலில், கிராம் கணக்கை மட்டும் பார்ப்பது. நானும் அப்படித்தான் ஏமாந்தேன். எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே இருக்கிறது என்பதுதான் கையைக் கொல்லும். கைப்பிடியிலிருந்து 180 சென்டிமீட்டர் தள்ளி, நுனியில் வெறும் 5 கிராம் கூடியிருக்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 900. ரீல் 50 கிராம் கூடுதல் என்றாலும் அது கையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள்தான் தொங்குகிறது. பெருக்கினால் 250. மணிக்கட்டு சுமப்பது இந்தப் பெருக்குத் தொகையை. நுனி கனத்த ராடு சும்மா பிடித்திருக்கும்போதே மூக்கைத் தரைக்குச் சாய்க்கும். அதை நிமிர்த்திப் பிடிக்கிற வேலையை மணிக்கட்டு காலை முழுக்க, மீன் கடிக்காவிட்டாலும், செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே கடையில் ராடைத் தனியாகத் தூக்கிப் பார்த்து “ஆகா, என்ன லேசு” என்று சொல்வதில் அர்த்தமில்லை. உங்கள் ரீலைக் கையோடு கொண்டுபோய் மாட்டுங்கள். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலை நீட்டி ராடை அதன்மேல் வையுங்கள். தராசு முள்போல நின்றால் வாங்கலாம். ரீலுக்கு ஒரு சாண் முன்னால் போய்த்தான் நிற்கிறது என்றால் அது நுனி கனம். ஏற்கெனவே வாங்கியாயிற்றா? ராடின் அடிமுனையில் கொஞ்சம் ஈயக் குண்டைச் சேர்த்து டேப் சுற்றிப் பாருங்கள். எடை கூடியும் கை லேசாகும். நான் முதலில் நம்பவில்லை.

மடக்கு ராடு எனப்படும் டெலஸ்கோப்பிக் ராடும் இங்கேதான் இடிக்கும். பைக்கில் சொருகிக்கொண்டு போக வசதி, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று செருகும் துண்டுகளும் மூட்டுக்கு மூட்டு வளையமும் சேர்ந்து முன்பாரத்தை ஏற்றிவிடும். தக்கை போட்டுக் கரையில் சாய்த்து வைத்து ஜிலேபிக் கெண்டை பிடிக்க அது போதும். நாள் முழுக்க வீசுவதற்கு இரண்டு துண்டு கார்பன் ராடு, ஆறரை அடியிலிருந்து ஏழு அடிக்குள். கண்ணாடியிழை ராடு லேசில் உடையாது, விலையும் குறைவு, ஆனால் அதே வலுவுக்குக் கனம் அதிகம்.

அடுத்தது பெரிய ரீல் மோகம். ரீலில் சைஸ் எண் கூடக் கூட ரீலும் பெரிது. என்னுடைய முதல் ரீல் 6000 சைஸ். படத்தில் கம்பீரமாக இருந்தது. வந்து சேர்ந்தபோது அரைக் கிலோவை ஒட்டி இருந்தது. கடற்கரையில் நின்று வீசுகிறவருக்கு அது சரி. கண்மாய்க் கரையிலோ வைகை அணை ஓரத்திலோ 2500 அல்லது 3000 சைஸ் தாராளம். எடை ஏறத்தாழ அதில் பாதி. “நரம்பு பத்தாதே” என்பார்கள். அது நைலான் தங்கூசி காலத்துப் பயம். 30 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு, 8 பவுண்டு நைலான் பருமன்தான் இருக்கும். சின்ன ரீலிலேயே நூறு மீட்டருக்கு மேல் ஏறும். விரால் உங்களை நூறு மீட்டர் இழுத்துக்கொண்டு ஓடப்போவதில்லை, பக்கத்துப் பாசிக்குள் தலையை நுழைக்கத்தான் பார்க்கும்.

அந்தப் பாசியிலிருந்து பிடுங்க வேண்டுமே என்றுதான் பலர் ‘ஹெவி’ எனப்படும் விறைப்பான ராடுக்குப் போகிறார்கள். காரணம் நியாயமானது, முடிவுதான் தப்பு. ராடின் மேல் எத்தனை கிராம் லூருக்கு (ரப்பர் தவளை போன்ற போலி இரை) அது ஏற்றது என்று அச்சிட்டிருப்பார்கள். அவுன்சில் இருந்தால் ஒரு அவுன்ஸ் 28 கிராம். 20 கிராமுக்கு மேல் என்று எழுதிய ராடில் 10 கிராம் தவளையைக் கட்டினால் ராடு வளையாது. வளைந்தால்தானே வில்போல அது எறியும்? வளையாத ராடில் எறிவது உங்கள் தோள். கால் அவுன்சிலிருந்து ஒரு அவுன்ஸ் வரை தாங்கும், விறைப்பில் ஒரு படி குறைந்த ‘மீடியம் ஹெவி’ ராடு நம் வேலைக்குச் சரி என்பது என் கருத்து. அடர்ந்த தாமரைக் குளத்தில் மட்டுமே பிடிப்பவர் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

ராடின் கைப்பிடியை யாரும் கவனிப்பதே இல்லை. மெல்லியதாக இருந்தால் நம்மை அறியாமலே இறுக்குவோம், இறுக்கினால் முழங்கை கணக்கு வைத்துக்கொள்ளும். அடிக்கட்டை இடது கையும் பிடிக்கிற அளவுக்கு நீளமாக இருக்கட்டும். வலது கை தள்ள, இடது கை அடிமுனையை வயிற்றுப் பக்கம் இழுக்க, இரண்டு கையும் பங்கு போட்டுக்கொள்ளும். ரொம்ப நீளமானால் வெட்டும்போது விலாவில் இடிக்கும். கடையில் நின்றபடியே இரண்டு கையாலும் ஒருமுறை வீசிப் பாருங்கள், யார் சிரித்தாலும்.

ராடுக்கு மேலே உட்காரும் பெய்ட்காஸ்டிங் ரீல் வாங்குகிறவர்கள் எந்தப் பக்கம் சுற்றும் கைப்பிடி என்று பார்த்து வாங்க வேண்டும். கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம், இதில் முடியாது. வலது கையால் வீசுகிறவருக்கு இடப்பக்கக் கைப்பிடி இருந்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் கை மாற்றும் வேலை மிச்சம். பழகும் வரை நரம்பு குருவிக்கூடாகச் சிக்கும், அதைப் பிரிக்கிற கைவலி தனி.

கியர் விகிதம் பற்றி ஒன்று. 7.2:1 என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ரீலின் உருளை ஏழு சுற்றுக்கு மேல் சுற்றும். வேகம்தான், ஆனால் தண்ணீரைக் கிழித்து ஆழமாகப் போகும் லூரை அதில் இழுப்பது டாப் கியரில் சிறுமலை ஏறுவதுபோல. அதற்கு 5:1 பக்கம் போங்கள். மேலே மிதக்கும் தவளைக்கு வேக ரீலால் கெடுதல் இல்லை.

இவ்வளவும் மாற்றிய பிறகும் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது வலித்தால், ராடை இன்னும் மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். எனக்கு ஆறு வாரம் ஓய்வு சொன்னார். அந்த 6000 ரீல் ராமேஸ்வரம் பக்கம் இருக்கும் என் மச்சானிடம் போய்விட்டது. அதோடு வைத்திருந்த ஒன்பது அடி ராடை யாரும் கேட்கவில்லை, வீட்டில் முருங்கைக்காய் பறிக்க வைத்திருக்கிறோம். அதற்கும் நுனி கனம்தான்.