இரங்கலுரையை அலசுவது எப்படி? காந்தி மறைந்த நாளில் நேரு பேசியதை வைத்து ஒரு பயிற்சி

ஒரு தலைவரின் மறைவையொட்டிய உரையைப் படித்துவிட்டு "உருக்கமாக இருக்கிறது" என்று எழுதினால் அது அலசல் ஆகாது. இரங்கலுரை இறந்தவரைப் பற்றியது. ஆனால் கேட்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள். அவர்களை அது என்ன செய்யச் சொல்கிறது? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, 1948 ஜனவரி 30 அன்று அகில இந்திய வானொலியில் நேரு ஆங்கிலத்தில் ஆற்றிய உரையைப் பார்ப்போம். சில நிமிட உரைதான். ஒலிப்பதிவு கிடைத்தால் முதலில் அதைக் கேளுங்கள்.

படி 1: சூழலைக் குறித்துக்கொள்ளுங்கள்

விடுதலை கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பிரிவினைக் கலவரத்தின் காயம் ஆறவில்லை, டெல்லியில் அகதிகள் நிரம்பியிருந்தார்கள். மத நல்லிணக்கத்துக்காகக் காந்தி ஜனவரி 13 அன்று தொடங்கிய உண்ணாவிரதத்தை 18 அன்றுதான் முடித்திருந்தார். சுட்டது யார் என்ற வதந்தி ஒன்றே நாட்டைப் பற்றவைக்கப் போதுமானதாக இருந்தது. இதை மனதில் வைக்காமல் படித்தால் பாதி உரை புரியாது.

படி 2: மையப் படிமத்தைப் பின்தொடருங்கள்

"நம் வாழ்விலிருந்து ஒளி போய்விட்டது, எங்கும் இருள்" என்று தொடங்குகிறார். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை என்கிறார். பலர் இந்த இடத்தை மேற்கோள் காட்டிவிட்டு நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்காதீர்கள். கொஞ்சம் தள்ளி, ஒளி போய்விட்டது என்றேன், ஆனாலும் நான் சொன்னது தவறு என்று தன் சொல்லையே திரும்பப் பெறுகிறார். அது சாதாரண ஒளி அல்ல, ஆயிரம் ஆண்டு கழித்தும் இந்த நாட்டில் தெரியும் என்கிறார். பள்ளியில் படித்த சொற்பொருள் பின்வருநிலையணி நினைவிருக்கிறதா? வந்த சொல்லே அதே பொருளில் மீண்டும் மீண்டும் வருவது. 'ஒளி' இங்கே அப்படித்தான் வருகிறது.

எனக்கு இந்த உரையில் மிகவும் பிடித்தது இந்தத் திருத்தம்தான். எடுத்த எடுப்பில் நம்பிக்கை சொல்லியிருந்தால் அழுதுகொண்டிருந்தவர்கள் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள். முதலில் அவர்களோடு இருட்டில் நின்றுவிட்டு, அப்புறம்தான் நகர்த்துகிறார்.

படி 3: சொல்லாமல் விட்டதைத் தேடுங்கள்

கொலையாளியின் பெயரோ மதமோ உரையில் இல்லை. "ஒரு பைத்தியக்காரன்" என்கிறார், அவ்வளவுதான். உடனே இன்னொரு 'ஆனாலும்' வருகிறது: ஆனாலும் கடந்த சில ஆண்டுகளாக, மாதங்களாக, இந்த நாட்டில் போதுமான அளவு விஷம் பரப்பப்பட்டிருக்கிறது. தனிமனிதனின் பித்து என்று சொல்லிப் பழிவாங்கும் வெறியைத் தணிக்கிறார். அதே மூச்சில், வெறுப்பைப் பரப்பியவர்களையும் தப்பவிடவில்லை. அந்த விஷத்தை வேரோடு களைய வேண்டும் என்கிறார்.

படி 4: வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள்

அடைமொழிகளை விட்டுவிட்டு வினைகளை மட்டும் பாருங்கள். கோபத்தில் யாரும் தவறாக நடந்துகொள்ளக் கூடாது. ஒன்றுபட்டு நிற்க வேண்டும். மறுநாள் நோன்பும் பிரார்த்தனையும். டெல்லிக்கு வர முடியாதவர்கள் மாலை 4 மணிக்கு ஆற்றுக்கோ கடலுக்கோ போய்ப் பிரார்த்திக்கலாம். புதிதாக அலசுபவர்கள் இந்தப் பகுதியை வெறும் அறிவிப்பு என்று தாண்டிவிடுவார்கள். கொதித்துப்போன கூட்டத்துக்கு ஒரு நேரமும் இடமும் வேலையும் கொடுப்பதுதான் அன்றைய தேவை. உரையின் முழு எடையும் இங்கேதான் இறங்குகிறது. வன்முறையைப் போல காந்தியின் ஆன்மாவை வருத்துவது வேறில்லை என்ற வாதமும் இதற்குத் துணையாக வருகிறது. மறைந்தவரின் விருப்பத்தையே சட்டமாக்குகிறார்.

படி 5: 'நான்', 'நாம்' எங்கெங்கே?

இது எளிது. இந்த அடி எனக்கு மட்டுமல்ல, இந்த நாட்டின் கோடிக்கணக்கானவர்களுக்கும் என்ற ஒரே வாக்கியத்தில் சொந்தத் துயரம் பொதுத் துயரமாகிவிடுகிறது. இரண்டு நிறத்தில் வட்டமிட்டுப் பாருங்கள்.

படி 6: இன்னோர் உரையோடு ஒப்பிடுங்கள்

பிப்ரவரி 2 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு மீண்டும் பேசினார். அங்கும் ஒளிதான்: நமக்கு வெப்பமும் வெளிச்சமும் தந்த சூரியன் மறைந்துவிட்டது என்றார். ஆனால் வானொலியில் சொல்லாத ஒன்றை அங்கே சொன்னார். நம்மிடம் இருந்த மிகப் பெரிய செல்வத்தைக் காக்கத் தவறிவிட்டோம் என்று, தனிமனிதராகவும் அரசின் தலைவராகவும் தான் வெட்கப்படுவதாக ஒப்புக்கொண்டார். முதல் நாள் இரவு மக்களிடம் சொல்லாததை, மூன்று நாள் கழித்து உறுப்பினர்கள் முன் ஏன் சொன்னார்? உங்கள் கட்டுரையை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிப் பாருங்கள்.