பஸ் கண்ணாடி ஒரு மூலையில் மட்டும் வளையாதபோது
பஸ் முன்கண்ணாடி வளைக்கும் ஃபர்னஸில் வலது மூலை மட்டும் அச்சில் உட்காராமல் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கியே நின்றது, கண்ட்ரோலரோ 620 டிகிரி என்று சரியாகத்தான் காட்டியது. உடனே சூட்டைக் கூட்டச் சொல்வார்கள். கூட்டாதீர்கள், நடுப்பகுதி இன்னும் தொங்கிவிடும், அதன் வழியே பார்த்தால் ரோடு நெளிந்து தெரியும், ஓட்டுகிறவருக்கு அது ஆபத்து. எங்கள் ஃபர்னஸில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் நடுவில்தான் இருக்கிறது, மூலையின் சூடு அதற்குத் தெரியாது. வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒவ்வொரு ஹீட்டர் லைனாகப் பார்த்தேன். அந்த மூலை காயிலில் கரண்டே ஓடவில்லை, டெர்மினல் கருகிப்போயிருந்தது. ஃபர்னஸ் ஆறியதும் மெயினை அணைத்துவிட்டு இரண்டையும் மாற்றினேன், அடுத்த கண்ணாடியில் மூலை இறங்கிவிட்டது. அப்புறம், வளைந்த கண்ணாடியை 550 டிகிரியிலிருந்து 480 வரை மெதுவாகத்தான் ஆறவிட வேண்டும், அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் கண்ணாடிக்குள் இழுவிசை தங்கி, வண்டியில் பொருத்தும்போது விரிசல் ஓடும்.