மூதாதையர் நிலத்துக்கு வழக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்க்சான், வெட்சுவெட்டன் என்ற பழங்குடி மக்கள் நடத்திய நில வழக்கில் ஒரு மூதாட்டி சாட்சி சொல்ல வந்தார். எந்த நிலம் எந்தக் குலத்துக்குச் சேர்ந்தது என்பதற்கு அவர்களிடம் பாட்டுதான் பத்திரம். அதைப் பாடிக் காட்ட வேண்டும் என்றதும், பாட்டு கேட்கும் காது எனக்கு இல்லை, வரிகளை எழுதிக் கொடுத்தால் போதாதா என்றார் நீதிபதி. மூதாட்டி பாடினார். 374 நாள் விசாரணைக்குப் பின் 1991-ல் தீர்ப்பு அந்த மக்களுக்கு எதிராக வந்தது. 1997 டிசம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இந்தக் கதை பெரும்பாலும் இதோடு நின்றுவிடும். மறுவிசாரணைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வழக்கைப் போட்டபோது தலைவர்கள் தங்கள் தங்கள் குலத்துக்கென்று தனித்தனியாக நிலம் கேட்டிருந்தார்கள். மேல்முறையீட்டில் அது இரண்டு சமூகங்களின் கூட்டுக் கோரிக்கையாக மாறியது. ஆனால் மனுவை அதற்கேற்பத் திருத்தவில்லை. ஆகவே முதல் தவறு சாட்சிக் கூண்டுக்கு வெகு முன்பே நடந்துவிடுகிறது. நிலம் யாருடையது? தனி ஆளுடையதா, குலத்துடையதா, மொத்தச் சமூகத்துடையதா? இதைப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசி முடிக்காமல் மனு எழுதக் கூடாது.

"பத்திரம் இல்லையே, என்ன செய்வது?" என்று தயங்குவது அடுத்த தவறு. ஆஸ்திரேலியாவின் மாபோ வழக்கில் மெர் தீவு மக்களிடம் அரசு கொடுத்த பத்திரம் எதுவும் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் எல்லை இருந்தது, யாருக்குப் பின் யார் என்ற முறை இருந்தது, அடுத்தவர் நிலத்தில் கால் வைக்காதே என்ற மரபுச் சட்டம் இருந்தது. 1992 ஜூன் 3 அன்று உயர் நீதிமன்றம் (அந்நாட்டில் அதுதான் கடைசி நீதிமன்றம்) அவர்களுடைய உரிமையை ஏற்றது.

ஆனால் அதே வழக்கில் ஒரு வலியும் உண்டு. எடி மாபோ சிறு குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்து மாமன் வீட்டில் வளர்ந்தவர். அவர்கள் வழக்கப்படி அது முழுமையான தத்து. வளர்த்தவரின் நிலத்துக்குத் தானே வாரிசு என்றார். உண்மைகளை விசாரித்த நீதிபதி அதை ஏற்கவில்லை. வழக்குக்கே பெயர் கொடுத்த மனிதரின் சொந்தக் கோரிக்கை அங்கே நிற்கவில்லை. மற்றவர்களின் கோரிக்கைகளை வைத்துத்தான் வழக்கு மேலே போனது. "நான் இன்னாருடைய பிள்ளை" என்று நாமே சொன்னால் போதாது. தத்தும் வளர்ப்பும் எப்படி நடக்கும் என்பதையும், அது நடந்ததையும், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சொல்ல வேண்டும்.

வாய்மொழி சாட்சியை நீதிமன்றம் ஏற்கும் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் அதன் மேலேயே ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு. 2001-ல் அக்வசாஸ்னி மோஹாக் மக்களின் வழக்கில், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, அதாவது அமெரிக்காவிலிருந்து, வணிகத்துக்காகச் சரக்கு கொண்டுவரும் மரபுரிமையைக் கேட்டார்கள். அதே கனடா உச்ச நீதிமன்றம், குறைவான சாட்சியத்தைத் தாங்குகிற அளவுக்கு மேல் இழுக்க முடியாது என்று மறுத்தது. "எங்கள் தாத்தா சொன்னார்" என்பது தொடக்கம்தான். எந்தத் தாத்தா, அவருக்கு யார் சொன்னது, எந்த இடத்தில் நின்று காட்டினார், எந்த வெள்ளத்துக்கு மறு வருஷம் அது? இந்தச் சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். பெரியவர்களின் பேச்சை அவர்கள் மொழியிலேயே பதிவு செய்யுங்கள், மொழிபெயர்ப்பு அப்புறம். வக்கீல் ஒரே அச்சில் வார்த்த பத்துப் பிரமாணப் பத்திரங்கள் குறுக்கு விசாரணையில் பத்து நிமிஷம் தாங்காது. பத்துப் பேரும் ஒரே வாக்கியத்தை எப்படிச் சொன்னீர்கள் என்ற ஒரு கேள்வி போதும். ஒருவர் நாவல் மரத்தைச் சொல்லட்டும், இன்னொருவர் சுடுகாட்டைச் சொல்லட்டும்.

அடையாளத்தில் நடக்கும் பெரிய தவறு, எதுவுமே மாறவில்லை என்று காட்ட முயல்வது. ஆஸ்திரேலியாவில் மர்ரி ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1998-லும், மேல்முறையீட்டில் 2002-லும் தோற்றார்கள். பழைய வழக்கங்களின் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்பது தீர்ப்பு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஆடு மேய்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் எழுதி வைத்ததற்கு நீதிபதி தந்த எடை, சந்ததியினரின் வாய்ச்சொல்லுக்குக் கிடைக்கவில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் வழக்கு நடத்துகிறவர் இதற்குத் தயாராக வேண்டும். எதிர்த்தரப்பு எடுக்கப்போகும் பழைய புத்தகங்களை நாம் முதலில் படித்து, அவற்றை எழுதியவர் கண்ணில் படாதது எது என்று மானிடவியலாளரை வைத்துச் சொல்ல வேண்டும். மொழி போனது உண்மையென்றால் ஒளிக்க வேண்டாம். யார் தடுத்தார்கள், யார் விரட்டினார்கள், அதற்குப் பிறகும் எந்தச் சடங்குக்காக அந்த மண்ணுக்கே திரும்பி வந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

வரைபடத்தில் வீடுகளை மட்டும் குறிப்பதும் தப்பு. 2014-ல் கனடாவின் சில்கோட்டின் மக்கள் ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டருக்கு உரிமை பெற்றார்கள். வேட்டைக்கும் மீனுக்கும் முறையாகப் போய்வந்து தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்த இடங்களும் அதில் அடக்கம். பக்கத்துச் சமூகத்தோடு எல்லைத் தகராறு இருந்தால் வழக்குக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. மலேசியாவில் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக வெளியேற்றப்பட்ட தெமுவான் பழங்குடி மக்களுக்கு வீட்டுக்கும் பயிருக்கும்தான் பணம் கொடுத்தார்கள், மண்ணுக்கு இல்லை. நீதிமன்றம் 2002-ல் மண்ணுக்கும் உரிமை உண்டு என்றது, 2005-ல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. எந்த ரசீதிலும் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதாமல் பணம் வாங்காதீர்கள். "ஆக்கிரமிப்பாளர்" என்றோ "குத்தகைதாரர்" என்றோ உங்களைக் குறிக்கும் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

வெளியே சொல்லக் கூடாத புனித இடங்களைத் திறந்த நீதிமன்றத்தில் கொட்டிவிட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஆண்கள் மட்டும் அல்லது பெண்கள் மட்டும் இருக்கும் விசாரணை, அந்த நிலத்துக்கே போய் நடத்தும் விசாரணை எல்லாம் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக, காலம். மாபோ வழக்கு தொடங்கியது 1982-ல். எடி மாபோ இறந்தது 1992 ஜனவரியில், தீர்ப்புக்குச் சுமார் நாலரை மாதம் முன்பு. வயதான சாட்சி இருந்தால், வழக்கு முறைப்படி விசாரணைக்கு வரும் வரை காத்திருக்காமல் அவர் சாட்சியத்தை முன்கூட்டியே எடுக்கச் சொல்லி மனு போடுங்கள். வக்கீலைப் பார்க்கும் முதல் நாளே இதைக் கேளுங்கள்.