ஹெல்கிரைண்டின் பொய்ப் புகார்கள்

செய்தி கடத்தும் நூலகமான ஜீரோஎம்க்யூவில் எழுதிய நிரலை, இழைப் பிழைகளைத் தேடும் கருவியான ஹெல்கிரைண்டில் ஓட்டியதும் தரவுப் போட்டிப் புகார்கள் (இரண்டு இழைகள், அதாவது நிரலுக்குள் இணையாக ஓடும் பகுதிகள், ஒரே தரவை ஒழுங்கின்றித் தொடுவதாக) பக்கம் பக்கமாகக் கொட்டின. பெரும்பாலானவை காட்டியது ஒரே இடத்தை: ஜீரோஎம்க்யூவுக்குள் இழைகளுக்கிடையே செய்தி கடத்தும் ஒய்பைப் என்ற வரிசை. அங்கே பூட்டே கிடையாது. எழுதும் இழையும் படிக்கும் இழையும் ஒரே சுட்டியை அணுச் செயலால் (இடையில் குறுக்கிட முடியாத ஒற்றைச் செயலால்) ஒப்பிட்டு மாற்றிக்கொள்கின்றன. ஹெல்கிரைண்டுக்கோ பிதிரெட் என்ற இழை நூலகத்தின் பூட்டு போன்ற ஒத்திசைவு வழிகள்தான் புரியும், பாவம்; அதனால் இதையும் போட்டி என்றே எண்ணிவிடுகிறது.

அதற்காக எல்லாவற்றையும் சப்ரஷன் கோப்பில் (காட்ட வேண்டாத புகார்களின் பட்டியலில்) போட்டு மூடிவிட மனம் வரவில்லை. அணுச் செயல்களுக்குப் பதிலாக மியூடெக்ஸை, அதாவது பூட்டைக் கட்டாயமாக்கும் மேக்ரோவோடு (தொகுக்கும்போது தரும் அமைப்போடு) நூலகத்தை மறுபடி தொகுத்தேன். வேகம் குறையும், சோதனைக்குப் பரவாயில்லை. புகார்கள் வெகுவாகக் குறைந்தன. உறங்கும் இழையை லினக்ஸின் சைகை வசதியான ஈவென்ட்எஃப்டி எழுப்பும் இடத்தில் மிஞ்சியவற்றை மட்டும் சப்ரஷனில் அடைத்தேன்.

ஒன்று மட்டும் நிஜம்: ஜீரோஎம்க்யூவில் செய்தி அனுப்பவும் பெறவும் உதவும் டீலர் வகைச் சாக்கெட் ஒன்றையே என் நிரலின் இரண்டு இழைகள் பூட்டின்றித் தொட்டன. இழைக்கொரு சாக்கெட், நடுவே இன்ப்ராக் (ஒரே நிரலுக்குள் சாக்கெட்டுகளை இணைக்கும் வழி) என்று பிரித்ததும் அந்தப் புகாரும் போய்விட்டது.