சுவிட்ச் திருகியும் மாறாத ஃபோர் வீல் டிரைவ்

என் பழைய டிரக்கில் ஃபோர் வீல் டிரைவுக்கு மாற ஒரு லீவர்தான். தள்ளும்போது உள்ளே பல் சேருவது உள்ளங்கையிலேயே தெரியும். இப்போதைய வண்டியில் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். அதைத் திருகினால், இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சின்ன மோட்டார் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஒருநாள் சேற்றில் அது கைவிட்டது. விளக்கு கண்சிமிட்டியதோடு சரி.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் ஆனில் வைத்து, தம்பியைச் சுவிட்சைத் திருகச் சொன்னேன். அடியில் படுத்துக் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. மோட்டார் போச்சு என்றே நினைத்தேன். புதிது வாங்கும் முன் கனெக்டரைக் கழற்றியது நல்லதாயிற்று: ஒரு பின் பச்சை பூத்துக் கிடந்தது. மோட்டாரோடு இணைத்து மல்டிமீட்டரில் அளந்தால், 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 7 தான்!

பேட்டரியைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, சின்ன பிரஷால் தேய்த்து, ஈரம் புகாமல் தடுக்கும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் தடவி மாட்டினேன். அடுத்த திருகலில் 'ங்ஙொய்' என்று மோட்டார் ஓடியது, விளக்கும் நிலையாக எரிந்தது.

லீவர் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே தேய்வது புஷ் (லீவர் அசையும் இடத்து உறை), துருப்பிடிப்பது இணைப்புக் கம்பி. இப்போது மாதம் ஒருமுறை மண் தரையில் ஃபோர் வீலுக்கு மாற்றி ஓட்டுகிறேன். காய்ந்த தார்ச்சாலையில் மட்டும் செய்வதில்லை, வளைவில் டிரைவ்லைன் (சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் அமைப்பு) இறுகிக்கொள்ளும்.