அரட்டைச் செயலி இல்லாமல் ஐஆர்சி: டெர்மினலில் கையாலேயே தட்டிப் பேசுவது எப்படி

இணையத்தில் பலர் ஓர் அறையில் கூடி எழுத்தில் அரட்டை அடிக்கும் முறையான ஐஆர்சியை 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் எழுதினார். அதன் நெறிமுறை இன்றும் வெறும் எழுத்து வரிகள்தான்: ஒரு வரி, ஒரு கட்டளை. அதனால் எந்தச் செயலியும் இல்லாமலே பேசலாம். ஒருமுறை இப்படிச் செய்துவிட்டால், பின்னாளில் செயலி மக்கர் செய்யும்போது எங்கே இடிக்கிறது என்று சட்டெனப் பிடிபடும்.

தேவை: லினக்ஸ் டெர்மினல், நெட்கேட் (தட்டுவதை அப்படியே சர்வருக்கு அனுப்பும் சிறு நிரல்; அதன் கட்டளை என்-சி). கட்டளைகளையும் பெயர்களையும் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இங்கே ஒலிப்பு மட்டும் தருகிறோம்.

படி 1: இணைப்பு
என்-சி என்று அடித்து, சிறு கோடு, பெரிய சி, பிறகு சர்வர் முகவரி, கடைசியில் 6667 என்ற போர்ட் எண் (சர்வரின் நுழைவாயில் எண்). லிபரா சாட் என்ற பொது ஐஆர்சி வலையமைப்பின் சர்வர் பழக நல்லது. பெரிய சி எதற்கு? ஐஆர்சி வரி, வரிமுடிவைக் குறிக்கும் இரண்டு பைட்டுகளோடு முடிய வேண்டும். எண்டர் தட்டினால் டெர்மினல் ஒன்றைத்தான் அனுப்பும்; பெரிய சி போட்டால் இரண்டும் போகும். ஒன்று மட்டும் போனாலும் பல சர்வர்கள் பொறுத்துக்கொள்ளும், எல்லாம் அல்ல.

படி 2: பெயர் பதிவு
நிக் வண்டு
யூசர் வண்டு 0 * :வண்டு

இரண்டையும் தாமதிக்காமல் அனுப்புங்கள். தயங்கினால் இணைப்பு அறுந்துவிடும். 001 என்று தொடங்கும் வரி வந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். 433 வந்தால் அந்தப் பெயர் வேறொருவரிடம் இருக்கிறது. வேறு பெயரோடு நிக் வரியை மட்டும் மறுபடி அனுப்பினால் போதும். 432 என்றால் பெயரே செல்லாது, பெரும்பாலும் எண்ணில் தொடங்கியிருப்பீர்கள். 451 என்றால் பதிவு முடியும் முன்பே அடுத்த கட்டளைக்குப் போய்விட்டீர்கள்.

படி 3: பிங் வந்தால் பாங்
புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். சர்வர் அவ்வப்போது பிங் என்று ஒரு வரி அனுப்பும். அதில் முக்காற்புள்ளிக்குப் பின் உள்ளதை எழுத்து மாறாமல் வைத்து பாங் என்று பதில் அனுப்புங்கள். சில சர்வர்கள் 001 தரும் முன்பே இதைக் கேட்கும். பதில் போகாவிட்டால் சில நிமிடங்களில் வெளியே தள்ளிவிடும்.

படி 4: அறைக்குள்
ஜாயின் ##வண்டுசோதனை

353 வரியில் இருப்பவர்கள் பட்டியல் வரும். யாரும் இல்லாத அறை என்றால் அது அப்போதே உருவாகி, உங்கள் பெயருக்கு முன் @ நிற்கும்; நீங்களே அதன் நிர்வாகி.

படி 5: பேச்சு
கட்டளை பி-ஆர்-ஐ-வி-எம்-எஸ்-ஜி. அடுத்து அறையின் பெயர், பிறகு முக்காற்புள்ளி, அதை ஒட்டியே செய்தி. முக்காற்புள்ளியை விட்டால் முதல் சொல் மட்டும் போகும், மீதி காணாமல் போகும். நீங்கள் அனுப்பியது பொதுவாக உங்களுக்கே திரும்பி வராது. இன்னொரு டெர்மினலில் வேறு பெயரில் நுழைந்து பாருங்கள்.

ஒரு வரிக்கு உச்சவரம்பு 512 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். மெய்யெழுத்தின் புள்ளியும் தனிக் குறியீடு என்பதால் வணக்கம் என்ற ஒரு சொல்லே 21. போதாக்குறைக்கு, சர்வர் உங்கள் பெயரையும் முகவரியையும் முன்னால் சேர்த்துத்தான் மற்றவர்களுக்கு அனுப்புகிறது. ஆகவே நீளமான தமிழ் வரி வால் அறுந்து, கடைசியில் ஒரு சிதைந்த குறியோடு போய்ச் சேரும். சின்னச் சின்ன வரிகளாக உடைத்து அனுப்புங்கள்.

வெளியேற குவிட் போதும்.

6667இல் எல்லாம் வெளிப்படையாகப் போகும். கடவுச்சொல்லை அங்கே தட்டவே வேண்டாம். மறையாக்கத்துக்கு 6697 போர்ட்டை, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் எஸ்-கிளையன்ட் நிரல் மூலம் திறங்கள், கொயட் விருப்பத்தோடு. அது இல்லையென்றால், பெரிய கியூவில் தொடங்கும் குவிட் வரியை அந்த நிரலே தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டு, உங்கள் விடைச்செய்தி சர்வரை எட்டும் முன் இணைப்பை மூடிவிடும்.