வார்டுல நர்ஸ்களுக்கு சொல்லிக்கொடுக்கும்போது நாம பண்ற தப்புகள்

புதுசா வந்த ஸ்டாஃபை கிளாஸ் ரூம்ல உட்கார வச்சு 60 ஸ்லைடு ஓட்டி, கையெழுத்து வாங்கிட்டு, டிரெயினிங் முடிஞ்சதுன்னு ரெஜிஸ்டர்ல எழுதிடுறோம் பாருங்க, அதுதான் பெரிய தப்பு. தெரிஞ்சிருக்கிறது வேற, பேஷண்ட் பக்கத்துல நின்னு நிஜமா செய்றது வேறன்னு மருத்துவக் கல்வியாளர் மில்லர் 1990லயே நாலு படியா பிரிச்சு சொல்லிட்டாரு, நாம முதல் படியிலயே நிறுத்திடுறோம்.

அடுத்தது, "நான் போடுறேன் பாத்துக்கோ"ன்னு கடகடன்னு செஞ்சு முடிச்சுட்டு "புரிஞ்சுதா?"ன்னு கேக்குறது. யாரு இல்லன்னு சொல்வாங்க? பெய்டன்ங்கிற சர்ஜனோட நாலு ஸ்டெப் முறைய டிரை பண்ணுங்க. கேனுலா (மருந்து ஏத்த ரத்தக் குழாய்ல போடுற மெல்லிய டியூப்) போடுறதுன்னா, டம்மி கையில முதல்ல பேசாம வழக்கமான வேகத்துல செஞ்சு காட்டுங்க, ரெண்டாவது தடவை ஏன் எதுக்குன்னு சொல்லிக்கிட்டே மெதுவா, மூணாவது தடவை அவங்க வாயால சொல்லச் சொல்ல நீங்க செய்யணும், கடைசியில அவங்களே செய்யணும். எல்லாரும் நேரமில்லன்னு விட்டுடுற அந்த மூணாவது ஸ்டெப்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா டூர்னிகேட்டை (கையில இறுக்கிக் கட்டுற பட்டை) கழட்ட மறந்துட்டாங்கன்னா அது அங்கயே வாயிலயே தெரிஞ்சுடும், பேஷண்ட் கை வரைக்கும் போகாது.

பேஷண்ட் முன்னாடி திட்டாதீங்க, தயவுசெஞ்சு. திட்டு வாங்கினவங்க அடுத்த தடவை தப்பு நடந்தா மறைப்பாங்க, மருந்து விஷயத்துல அப்படி மறைச்சா என்ன ஆகும்னு நமக்கே தெரியும். ஆபத்துன்னா உடனே நிறுத்துங்க, மத்ததை தனியா கூப்பிட்டு பேசுங்க.

15 வருஷ சர்வீஸ், இவங்களுக்கு என்ன சொல்லணும்னு சீனியர்களை விட்டுடுறதும் தப்புதான், வேற யூனிட்டுக்கு மாறினா அவங்களும் அங்க புதுசு மாதிரிதான்னு நர்சிங் அறிஞர் பென்னர் 1984ல எழுதினது இன்னைக்கும் பொருந்துது. நைட் ஷிஃப்ட் முடிச்சவங்களை காலையில கிளாஸுக்கு பிடிச்சு வைக்கிறதைப் பத்தி தனியா சொல்லவே வேணாம்.

சிபிஆர் (இதயம் நின்னுட்டா நெஞ்சை அழுத்தி செய்ற முதலுதவி) பயிற்சி வருஷத்துக்கு ஒருதடவை போதும்னு நினைக்கிறாங்க, ஆனா நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 கம்ப்ரஷன், 5 செமீக்கு குறையாத ஆழம்னு கை பழகினது சில மாசத்துலயே மங்க ஆரம்பிச்சுடும், அதனால மேனிக்வின (பயிற்சி பொம்மை) வார்டு ஓரத்துலயே வச்சு ஷிஃப்ட் நடுவுல ரெண்டு நிமிஷம் அழுத்த விடுங்க, முடிச்சதும் "குட்"னு மட்டும் சொல்லாம "ஆழம் சரி, ஆனா ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடல"ன்னு சொல்லுங்க.